குட்டசந்திரத்து நாற்பது கிணறுகள்

பேச்சியம்மாள் பொரிப் பொட்டலத்தைக் கீழே போட்டாள். போட்டுவிட்டு, குற்றத்தைக் கடைக்காரன் தலையில் கட்டினாள்.

"இந்த ஊர்க்காரனுவளுக்கு ஒரு பொட்டலம் ஒழுங்கா மடிக்கத் தெரியல பாய். பேரு மட்டும் இண்டஸ்ட்ரியல் டவுனு!"

மெஹபூப் பாஷா திரும்பிப் பார்க்கவில்லை. காலை ஒன்பதரை மணி. ஓசூர் பாகலூர் ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது அவருடைய துப்பறியும் அலுவலகம். இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு உதவியாளர். உதவியாளர் என்றால் பேச்சியம்மாள்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புருஷன் வேலைக்காக ஓசூர் வந்து, ஒரு பேக்டரி கேட்டில் பெண் தொழிலாளர்களைச் சோதனை போடும் வேலையில் ஒன்பது வருஷம் இருந்தவள். டிபன் பாக்ஸின் கனத்தை வைத்தே உள்ளே இருப்பது சோறா, திருட்டு நட்டா என்று சொல்லிவிடுவாள். வாய்தான் கொஞ்சம் நீளம்.

பாஷா பார்த்துக்கொண்டிருந்தது காலைத் தபாலில் வந்த கடிதத்தை. பாராட்டுக் கடிதம். அதற்கு முகம் மலர வேண்டும். ஆனால் மலரவில்லை.

விஷயம் இதுதான். குட்டசந்திரம் கிராமத்துக்கு மேற்கே நித்யகனகா என்று ஒரு முலாம் பூசும் தொழிற்சாலை. அதன் கழிவுநீர் வாய்க்காலால் கிணறெல்லாம் கெட்டுப்போகிறது என்று ஊர்க்காரர்கள் தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்தார்கள். அளந்து சொல்லும்படி ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்துக்கு உத்தரவு போனது. அங்கே வேலை பார்த்த ஜெய்னப் என்ற இருபத்துமூன்று வயதுப் பெண், தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று முள்ளால் காட்டும் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆறு நாள் அலைந்து நாற்பது கிணறுகளை அளந்தாள். பதினொரு கிணறு மோசம், பதினொன்றும் வாய்க்கால் ஓரம் என்று எழுதிக் கொடுத்தாள்.

தொழிற்சாலை மேனேஜர் பாஷாவைத் தேடி வந்தார். அந்தப் பெண்ணின் கணக்கு உண்மையா என்று துப்பறிந்து சொல்ல வேண்டுமாம். பாஷாவும் துப்பறிந்தார். கிணறுகளைப் போய்ப் பார்த்து அல்ல, தாளைப் பார்த்து. ஊர் வரைபடத்தைச் சுவரில் மாட்டி, மோசமான கிணற்றுக்குச் சிவப்புக் குண்டூசி, நல்ல கிணற்றுக்குப் பச்சைக் குண்டூசி குத்தினார். சிவப்பெல்லாம் ஒரே மூலையில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. அது போதாதென்று, நாலு இடத்தில் அடுத்தடுத்த இரண்டு கிணறுகளுக்கு அச்சு அசலாக ஒரே எண்.

பாஷா அறிக்கை எழுதினார்: 'இயற்கை தூவும்; கூட்டம் சேர்க்காது. அடுத்தடுத்த கிணறுகளில் ஒரே எண் வருவது, ஓரிடத்தில் அளந்து பக்கத்து இடத்துக்குக் காப்பி அடித்ததற்கு அடையாளம்.' அந்த வாக்கியத்தின் மேல் அவருக்கு அப்படி ஒரு பெருமை. பெண்டாட்டியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாளே ஜெய்னப்புக்கு வேலை போனது. அறிக்கையை ஊர் நடுவில் வைத்து எல்லாரும் கேட்கப் படித்தார்கள். பிறகு அதே பரிசோதனைக் கூடத்திலிருந்து தங்கதுரை என்ற சீனியர் ஆள் மறுபடி அளந்தார். அவர் கணக்கிலும் பதினொரு கிணறு மோசம்தான். ஆனால் மூலைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்தன. அப்படியானால் மண்ணிலேயே உப்பு. வாய்க்காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மேனேஜரின் கடிதம் சொன்ன செய்தி இவ்வளவுதான்: இன்று மாலை மூன்று மணிக்குத் தாலுகா அலுவலகத்தில் கடைசி விசாரணை. மனு தள்ளுபடியாகும். பொய்க் கணக்கு எழுதிய ஜெய்னப் மேல் போலீஸில் வழக்குப் பதியவும் கேட்டிருக்கிறோம். தங்கள் கூர்மையான அறிவுக்கு நன்றி. தங்கதுரையின் கணக்கு இத்துடன் இணைப்பு.

"காலத் தூக்குங்க பாய்" என்றாள் பேச்சியம்மாள், விளக்குமாற்றோடு.

பாஷா காலைத் தூக்கினார். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட சிமெண்டுத் தரை. பேச்சியம்மாள் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"இங்க பாருங்க. இந்தக் கட்டத்துல பொரி கல்யாண வீடு மாதிரி கூடிக் கிடக்கு. இதுல துக்கம் கேக்கக்கூட ஆளில்ல. இதயும் அந்த ஜெய்னப் புள்ளதான் வந்து அடுக்கி வச்சிட்டுப் போயிருக்கும், என்ன?"

பாஷா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"பெருக்காதீங்க!"

மிச்சப் பொட்டலத்தைப் பிடுங்கினார். ஒரு கைப்பிடி எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு வீசினார். கண்ணைத் திறந்து எண்ணினார். ஒரு கட்டத்தில் பதினேழு. பக்கத்துக் கட்டத்தில் ஒன்று. அதற்கடுத்து மூன்று கட்டம் காலி. இன்னொரு கைப்பிடி. இன்னொன்று. ஒரு தடவைகூடப் பொரி பங்கு போட்டாற்போல விழவில்லை.

"அது தின்னுத பொருளு பாய்."

"தானா விழுந்தாலும் கூட்டம் சேருது, பேச்சியம்மா."

"ஆமா, சேரத்தான் செய்யுது. இயற்கை தூவும், கூட்டம் சேக்காதுன்னு யாரோ எழுதியிருந்தாவளே, யாரு அது? எனக்குத் தெரிஞ்சவுக மாதிரி இருக்கு."

பாஷா கையில் மிச்சமிருந்த பொரியைப் பார்த்தார். நாற்பத்தெட்டு வயது. பதினைந்து வருஷத் தொழில். தூவினால் எப்படி விழும் என்று ஒரு பிடி பொரியை வீசிப் பார்க்க இத்தனை நாள் தோன்றவில்லை.

ஆனால் துப்பறிகிறவருக்குத் தன்மேல் வருகிற கோபமும் கண்ணை மறைக்கக் கூடாது. அவர் மெதுவாகச் சொன்னார்: "கூட்டமா இருக்கறதால அந்தப் பொண்ணு பொய்னு சொல்ல முடியாது. சரி. அதுக்காக உண்மைன்னும் சொல்ல முடியாதே. சும்மா விழுந்த கூட்டமா, காரணத்தோட சேர்ந்த கூட்டமான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"கேட் ரூம்ல நாங்க சீட்டாடுவோம்" என்றாள் பேச்சியம்மாள். "ஒருத்திக்கே நல்ல சீட்டாச் சேந்துச்சுன்னா சும்மா விடமாட்டோம். கலச்சுப் போடு, கலச்சுப் போடும்போம். இருபது தடவ கலச்சும் அப்பிடி ஒரு கை யாருக்கும் வரலன்னா, மொதக் கை தானா வந்ததில்லன்னு அர்த்தம். சேலைய உதறச் சொல்லிருவோம்."

பாஷா எழுந்து சுவரிலிருந்த வரைபடத்தைக் கழற்றி மேஜையில் விரித்தார். பிறகு பழைய காலண்டர் தாளை எடுத்து நாற்பது துண்டாகக் கிழித்தார். பதினொன்றில் சிவப்புப் பென்சிலால் கோடு. ஒவ்வொரு சிவப்புக் கிணற்றுக்கும் மிகப் பக்கத்திலுள்ள கிணறு எது, அதுவும் சிவப்பா? இதுதான் கேள்வி. ஜெய்னப்பின் கணக்கில் பதினொன்றில் ஒன்பதுக்கு, பக்கத்துக் கிணறும் சிவப்பு.

பேச்சியம்மாள் துண்டுகளைக் கலைத்துக் கலைத்து வரைபடத்தில் கிணற்றுக்கு ஒன்றாகப் போட்டாள். மூன்று. இரண்டு. நாலு. ஒன்று. மூன்று. இருபது தடவை கலைத்தும் ஐந்தைத் தாண்டவில்லை.

"ஒம்பது எங்க, அஞ்சு எங்க! அந்தப் புள்ள கை சும்மா வந்த கை இல்ல பாய். தண்ணிக்குள்ள ஏதோ இருக்கு."

"இப்ப தங்கதுரையோடத எண்ணுங்க."

பேச்சியம்மாள் விரல் விட்டு எண்ணினாள். இரண்டாம் தடவை எண்ணினாள். "பூஜ்யம்."

"நல்லாப் பாருங்க."

"ஒரு செவப்புக்குக்கூடப் பக்கத்துல செவப்பு இல்ல. கண்ண மூடிக் கலச்சுப் போட்டாலே ரெண்டு மூணு ஒட்டிக்கிடுது. இவரு கிணறெல்லாம் சண்ட போட்ட சம்பந்தி மாதிரில்லா தள்ளித் தள்ளி உக்காந்திருக்கு!"

பாஷா நாற்காலியில் உட்கார்ந்தார். நிலத்துக்கு மேலே வரப்பு உண்டு, வேலி உண்டு. நிலத்துக்கு அடியில் தண்ணீருக்கு ஏது வேலி? ஒரு கிணற்றில் கலந்த உப்பு பக்கத்துக் கிணற்றுக்குப் போகாமல் எங்கே போகும்? கிட்டக்கிட்ட இருப்பவை ஒன்றுபோல இருப்பதுதான் நியாயம். சீட்டாட்ட அதிர்ஷ்டத்தில்கூட ஒட்டிக்கொள்ளும் சிவப்புகளை, யாரோ மெனக்கெட்டுப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

"மூணு மணிக்கு விசாரணை" என்றாள் பேச்சியம்மாள், சிரிக்காமல். "அந்தப் புள்ளய உள்ள வச்சிருவாவ பாய்."

"அந்த நாலு ஜோடி எண் இருக்கே. பதினாலாம் கிணறு ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது, பதினஞ்சாம் கிணறும் ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது. பக்கத்துல இருந்தா கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கலாம். அச்சா ஒண்ணா எப்படி இருக்கும்? அதை அவ காப்பிதான் அடிச்சிருக்கணும்."

சொல்லும்போதே அவருக்குத் தன் குரல் பிடிக்கவில்லை. அந்தப் பெண் அங்கேயாவது பொய் சொல்லியிருக்க மாட்டாளா, தன் அறிக்கையில் பாதியாவது பிழைக்காதா என்று ஒரு நப்பாசை. ஒரு சின்னப் பெண் பொய்க்காரியாக இருக்க வேண்டுமென்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருக்கிறோமே என்று உறைத்தபோது, கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பத்தே காலுக்கு டி.வி.எஸ். ஐம்பது கிளம்பியது. ஓட்டியது பேச்சியம்மாள். பாஷாவுக்கு ஓட்ட வராது. பின்னால் உட்கார்ந்து வரைபடக் குழாயைக் கட்டிக்கொண்டு வந்தார். ஷிப்டு பஸ்களைத் தாண்டி, முட்டைக்கோசுத் தோட்டங்களைத் தாண்டி, மஞ்சளாக ஓடிய ஒரு வாய்க்காலின் ஓரமாகவே போனால் குட்டசந்திரம். வாய்க்கால் ஓரத்துப் புல் கருகிக் கிடந்தது. இதைப் பார்க்க அறிவு வேண்டாம், கண் போதும். ஒரு மாதம் முன்பே வந்திருந்தால் பார்த்திருக்கலாம்.

முதலில் எதிர்ப்பட்டது ஓர் ஐம்பது வயதுப் பெண்மணி. தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடங்கள். நாராயணம்மா என்று பெயர் சொன்னாள். ஹைவே ஓரத்துப் பைப்பிலிருந்து இரண்டு மைல் சுமந்து வருகிறாளாம்.

"பதினாலாம் நம்பர் கெணறு எதும்மா?" என்று கேட்டார் பாஷா.

நாராயணம்மா முகவாயால் காட்டினாள். "அதோ, புங்க மரத்துக்கிட்ட."

"பதினஞ்சாம் நம்பர்?"

முகவாய் மறுபடி அதே புங்க மரத்தைக் காட்டியது.

"அது பதினாலும்மா. பதினஞ்சு எது?"

"அதேதான் சார். எங்க மாமனாரு போனப்புறம் நெலத்த ரெண்டாப் பிரிச்சாங்க. கெணத்த எப்படிப் பிரிக்கறது? இந்தப் பக்கத்துப் படி எங்களுது, அந்தப் பக்கத்துப் படி எங்க மச்சாண்டாருது. ஒரு நாளு எங்க மோட்டாரு ஓடும், ஒரு நாளு அவங்க மோட்டாரு ஓடும். ஆபீஸ் லிஸ்டுல ஆளுக்கு ஒரு கெணறுன்னு ஏத்திட்டாங்க."

பாஷா கிணற்று விளிம்பில் போய் நின்றார். நடுவரப்பில் ஒரே கிணறு. கிழக்கே ஒரு படி வரிசை, மேற்கே ஒரு படி வரிசை. அடியில் ஒரே தண்ணீர், பச்சையும் மஞ்சளுமாக.

பங்குக் கிணறு என்றால் என்னவென்று பாஷாவுக்குத் தெரியாதா? இந்தச் சீமையில் பிறந்த யாருக்குத் தெரியாது? அவருடைய தாய்மாமன் ஜவளகிரியில் அரைக் கிணற்றை வைத்துக்கொண்டுதான் இருபது வருஷம் ராகி விளைவித்தார். எல்லாம் தெரியும். தெரிந்ததெல்லாம் குண்டூசியைக் கையில் எடுத்ததும் மறந்துவிட்டது.

"அளக்கறதுக்கு ஒரு பொண்ணு வந்துச்சே, ஞாபகம் இருக்குதா?"

"மறக்க முடியுமா சார்? இந்தப் பக்கம் எறங்கி அளந்துச்சு. அப்புறம் சுத்திப் போயி அந்தப் பக்கம் எறங்குச்சு. ஒரே தண்ணிதானம்மா, ஒரு தபா அளந்தா போதாதான்னு கேட்டேன். லிஸ்டுல ரெண்டு இருக்குது, ரெண்டையும் அளந்தாத்தான் எழுதணும்னுச்சு. பாசி வழுக்கி முட்டி பேந்துபோச்சு. மஞ்சள் வச்சு அனுப்பினேன்."

"பொறவு தங்கதுரைன்னு ஒருத்தர் வந்தாராம்மா?" என்று கேட்டாள் பேச்சியம்மாள்.

"அப்புறம் யாருமே வர்ல."

பேச்சியம்மாள் தங்கதுரையின் தாளைப் பிரித்தாள். "பதினாலாம் கிணறு நானூத்தி முப்பதாம். பதினஞ்சாம் கிணறு ஆயிரத்து எழுநூத்தி இருபதாம். ஒரே கிணத்துத் தண்ணிய நடுவுல வேலி போட்டு ஒரு பக்கம் இனிப்பு, ஒரு பக்கம் உப்புன்னு பிரிச்சிருக்காரு மனுசன். சொந்த மச்சாண்டாரு செய்ய முடியாதத இவரு செஞ்சிருக்காரு!"

நாராயணம்மா சிரிக்கவில்லை. குடத்தை இறக்கி வைத்தாள். "அந்தப் பொண்ணு திருட்டுக் கணக்கு எழுதிச்சுன்னு இங்கதான் சார் படிச்சாங்க. அது எங்க கண்ணு முன்னால கெணத்துல எறங்கினத நாங்க பாத்தோம். பெரிய படிப்புக்காரங்க சொல்றாங்களேன்னு வாய மூடிக்கிட்டு நின்னோம். நெனச்சா மனசே ஆறல. அந்த ரிப்போர்ட்ட எழுதின மகராசன் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

எதற்கும் பதில் வைத்திருக்கும் பேச்சியம்மாள் வண்டி ஹேண்டில்பாரைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"நான்தாம்மா" என்றார் பாஷா.

நாராயணம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் குடங்களைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். மற்ற மூன்று ஜோடிகளையும் அவர்களே தேடிப் பிடித்தார்கள். மூன்றும் பங்குக் கிணறுகள்.

ஒரு மணிக்குப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தார்கள். தங்கதுரை மதுரைப் பக்கத்து ஆள். ஒல்லி, நாற்பது வயது. மேஜையில் தயிர் சாதத்தைத் திறந்து வைத்திருந்தார். பாஷாவைக் கண்டதும் கை கழுவாமலே எழுந்து நின்றார்.

பேச்சியம்மாள் நேரே விஷயத்துக்கு வந்தாள். "அண்ணாச்சி, பதினாலாம் கிணத்துல எந்தப் படியில எறங்குனீய? கிழக்கயா, மேக்கயா?"

"படி... படியெல்லாம் ஏதும்மா அங்க? வாளியில கயிறு கட்டித்தான்..."

"ரெண்டு பக்கமும் படி இருக்கு. காருகூட எறங்கும்."

தங்கதுரை உட்கார்ந்துவிட்டார். சோற்றை மூடினார். "நான் போகல சார்" என்றார் பாஷாவிடம். "எட்டு வருஷமா டெம்பரரி. இத முடிச்சுக் குடுத்தா பெர்மனென்ட்டுன்னாங்க. லிஸ்ட வச்சுக்கிட்டு இங்கேயே ஒக்காந்து போட்டேன்."

"சிவப்பையெல்லாம் பிரிச்சுப் பிரிச்சுப் போட்டிருக்கீங்களே, அந்த யோசனை யாரோடது? பேக்டரி மேனேஜரா?"

வழக்கு முடிந்தது, இனி மேனேஜர் கழுத்தில் கயிறு என்றுதான் பாஷா நினைத்திருந்தார். தங்கதுரை அவரை வினோதமாகப் பார்த்தார். பிறகு டிராயரைத் திறந்து ஒரு கார்பன் காப்பியை எடுத்து நீட்டினார்.

பாஷாவின் அறிக்கை. இரண்டு இடத்தில் சிவப்புப் பென்சில் அடிக்கோடு. 'இயற்கை தூவும், கூட்டம் சேர்க்காது.' அடுத்த வாக்கியத்துக்கு இரண்டு கோடு.

"மேனேஜர் இதத்தான் குடுத்தாரு. உண்மையான கணக்கு எப்படி இருக்கும்னு இதுல இருக்கு, பாத்துப் போட்டுருன்னாரு. எனக்குப் பொய்க் கணக்கு எழுதிப் பழக்கமில்ல சார். பயமா இருந்துச்சு. நீங்க எழுதினத நாலு தடவ படிச்சேன். மோசமான கெணறு பக்கத்துப் பக்கத்துல வரக்கூடாது, அடுத்தடுத்து ஒரே எண் வரக்கூடாது. ஒவ்வொண்ணாச் சரிபாத்து சரிபாத்துப் போட்டேன்." டிராயரை மூடினார். "பொய் என்னோடது சார். ஆனா பொய்ய எப்படி உண்மை மாதிரி எழுதணும்னு நீங்கதான் சொல்லிக் குடுத்திருந்தீங்க."

பாஷா அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கெட்டவன் ஒருவனைத் தேடி ஒரு காலை முழுக்கத் துரத்தி வந்தால், கையில் அகப்பட்டது தன் கையெழுத்து. உண்மை சொன்ன பெண்ணைப் பொய்க்காரி ஆக்கியதோடு நிற்கவில்லை. பொய் எழுதுகிறவனுக்குப் பாடப்புத்தகமும் எழுதிக் கொடுத்திருக்கிறார். சம்பளம் வாங்கிக்கொண்டு.

பேச்சியம்மாள் ஏதாவது கிண்டல் செய்வாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் தண்ணீர் டம்ளரை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள், அவ்வளவுதான்.

"தங்கதுரை, இத நீங்க மூணு மணிக்கு வந்து சொல்லணும்."

"வேலை போயிரும் சார்."

"போகும்" என்றார் பாஷா. "போகாதுன்னு உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். ஆனா வரலன்னா, இந்தக் கணக்க எழுதினவர் நீங்கன்னு நான் சொல்லித்தான் ஆகணும். எழுத வச்சது என் ரிப்போர்ட்டுன்னும் சொல்லுவேன்."

தங்கதுரை மூடிய சாதத்தைப் பைக்குள் வைத்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தார்.

தாலுகா அலுவலக வராந்தா பெஞ்சில் ஜெய்னப் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் தகப்பனார் ரசூல். பாஷா அவருக்கு சலாம் சொன்னார். சலாமுக்குப் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது என்பதற்காக ரசூல் பதில் சொன்னார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார். ஜெய்னப் நிமிரவே இல்லை.

உள்ளே மேனேஜர் எழுந்து வந்து கை கொடுத்தார். "வாங்க, வாங்க! நீங்களே வந்தது ரொம்ப நல்லதாப் போச்சு."

பாஷா கையை நீட்டவில்லை. நேரே விசாரணை அதிகாரியின் மேஜைக்குப் போய் வரைபடத்தை விரித்தார். கலைத்துப் போட்ட துண்டுகளைப் பற்றியும் பூஜ்யத்தைப் பற்றியும் சொன்னார். அதிகாரி புருவத்தைச் சுருக்கினார். பதினாலாம் கிணற்றுக்கும் பதினைந்தாம் கிணற்றுக்கும் படி இரண்டு, தண்ணீர் ஒன்று என்று சொன்னபோது புருவம் நேரானது. தங்கதுரை நாலு வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். மேனேஜர் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"உக்காருங்க" என்றார் அதிகாரி. "ஊர்க்காரங்க மனு நிக்குது. மோசமான கிணறுகளை என் முன்னாலயே மறுபடி அளக்கணும். அதுவரைக்கும் வாய்க்காலை அடைச்சு வைக்கணும். அந்தப் பெண்மேல வழக்குங்கற பேச்சே இல்லை." பிறகு பாஷா பக்கம் திரும்பினார். "இந்தப் பெண் காப்பி அடிச்சான்னு முதல்ல சொன்னது யாரு?"

"நான் சார்."

"அப்ப உங்க வாக்குமூலத்தையும் எழுதிக்கணும்."

டைப்பிஸ்ட் தாளைச் செருகினார். ஜெய்னப்பை உள்ளே அழைத்தார்கள். பாஷா, பொரியிலிருந்து கார்பன் காப்பிவரை ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். கடைசியாக, "தப்பு என்னோடது. மன்னிப்புக் கேக்கறேன்" என்றார். சொன்னதும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

"ஒண்ணு கேக்கலாமா சார்?" என்றாள் ஜெய்னப். அதிகாரி தலையசைத்ததும் பாஷாவைப் பார்த்தாள். அன்று அவள் அவர் முகத்தைப் பார்த்தது அப்போதுதான் முதல் தடவை. "உங்க ஆபீஸ்லேர்ந்து எங்க வீடு நாலு தெருதான். ஒரே எண் எப்படி வந்துச்சுன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, பங்குக் கெணறுன்னு சொல்லியிருப்பேனே. ஏன் கேக்கல?"

நேரமில்லை என்று சொல்லலாம். விசாரணை ரகசியம் என்று சொல்லலாம். நாக்கு நுனிவரை இரண்டும் வந்தன. பேச்சியம்மாள் கதவருகே நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்கணும்னே எனக்குத் தோணலம்மா" என்றார் பாஷா. "சின்னப் பொண்ணு, பொய்தான் எழுதியிருக்கும்னு மொதல்லயே முடிவு பண்ணிட்டேன். அப்புறம்தான் குண்டூசியே குத்தினேன்."

டைப்பிஸ்ட் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு, இதை அடிப்பதா வேண்டாமா என்று அதிகாரியைப் பார்த்தார்.

"அதையும் அடிக்கச் சொல்லுங்க சார்" என்றாள் ஜெய்னப்.

அடித்தார்கள். தாளை உருவி பாஷாவிடம் நீட்டினார்கள். எல்லாரும் காத்திருக்க, அவர் நின்றபடியே முழுவதும் படித்தார். கடைசி இரண்டு வரியை மறுபடி படித்தார். பிழை ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டார்.